அந்த எல்ம் மரங்களுக்கு அடியில் யாரும் இல்லை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் உதவும். பிள்ளைகளோடு ஸ்ட்ராபெர்ரி பறிக்க மெல்பர்னிலிருந்து பாக்கஸ் மார்ஷ் போயிருக்கிறீர்கள். ஊருக்குள் நுழையும் பழைய சாலையில் இரண்டு பக்கமும் பெரிய எல்ம் மரங்கள், மேலே கிளைகள் பின்னிப் பந்தல் போட்டமாதிரி. மரத்துக்கு மரம் ஒரு பெயர். "அப்பா, இவங்க எல்லாரும் மரத்துக்குக் கீழதான் இருக்காங்களா?" என்று மகள் கேட்டிருக்கிறாள். போரில் விழுந்தவனுக்கு நம் பக்கம் கல் நட்டார்கள், இவர்கள் ஏன் மரம் நட்டார்கள், மரம் பட்டுப்போனால் என்ன செய்வார்கள் என்று நீங்களும் இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ மூன்றும் ஒரே கேள்விதான் என்று படுகிறது: அந்தப் பெயர்கள் யாருடையவை, செத்தவர்களுடையவையா? அது தெரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள், கீழே யாரும் இல்லை. அதோடு, அந்தப் பெயர்களில் பெரும்பாலானவர்கள் போர் முடிந்து உயிரோடு ஊர் திரும்பியவர்கள். திரும்பி வந்து கல்யாணம் செய்து, பால்மாடு வளர்த்து, தன் பெயர் போட்ட மரத்தடி வழியாகவே சந்தைக்குப் போய்வந்தவர்கள். நான் வரலாற்று ஆசிரியர் இல்லை, மரம் பார்ப்பவன். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பதினெட்டு வருடமாக ஆர்பரிஸ்ட் வேலை. கவுன்சில்களுக்காகச் சாலையோர மரங்களை ஏறிப் பார்த்து, எது நிற்கும் எது விழும் என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த நினைவு மரச்சாலைகளில், இங்கே 'அவென்யூ ஆஃப் ஆனர்' என்பார்கள், ஏழெட்டு ஊர்களில் வேலை செய்திருக்கிறேன். அதனால் மரத்தைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம், வரலாறு பற்றிச் சொல்வது படித்தும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

ஏன் உயிரோடு வந்தவனுக்கும் மரம்? முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையில் யாரையும் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுப் போர்முனைக்கு அனுப்பவில்லை. கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டுமா என்று 1916-லும் 1917-லும் இரண்டு முறை மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், இரண்டு முறையும் மக்கள் முடியாது என்றுவிட்டார்கள். ஆக, போனவன் தானாகப் பெயர் கொடுத்துப் போனவன். ஐம்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை இருந்த நாட்டில் ஏறத்தாழ 4,16,000 பேர் பெயர் கொடுத்தார்கள், சுமார் 60,000 பேர் செத்தார்கள். பெயர் கொடுத்ததே பெரிய காரியம் என்று ஊர் நினைத்தது, அதனால் போன எல்லாருக்கும் மரம் வைத்தது. எல்லா இடத்திலும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகரத்தின் மரச்சாலை செத்தவர்களுக்கு மட்டுமே வைத்தது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட மரங்கள். ஒவ்வோர் ஊரிலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் விக்டோரியாவின் சின்ன ஊர்களில் நான் பார்த்த அளவில் 'போனவர்கள் எல்லாரும்' என்பதே வழக்கம்.

செத்த அந்த அறுபதாயிரம் பேரின் உடல்கள் ஊருக்கு வரவில்லை. இதைச் சொல்லாமல் மரங்களைப் பற்றிப் பேச முடியாது. விழுந்த இடத்திலேயே அடக்கம் என்பது பிரிட்டிஷ் பேரரசுப் படைகளுக்கான விதி, பணக்காரனாக இருந்தாலும் தன் செலவில் கொண்டுவர முடியாது. துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்த ஜெனரல் பிரிட்ஜஸ் ஒருவரின் உடல் மட்டும் அந்தப் போர்க்காலத்தில் வந்து சேர்ந்தது. இன்னொருவர் வந்தது 1993-ல், பெயர் தெரியாத ஒரு சிப்பாயாக, பிரான்ஸிலிருந்து கான்பெராவுக்கு. மற்றவர்கள் துருக்கியிலும் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் கிடக்கிறார்கள். கப்பலில் போய்ப் பார்க்க ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வசதி ஏது. உங்கள் மகள் கேட்டது வெறும் குழந்தைக் கேள்வி இல்லை பாருங்கள். மரத்துக்குக் கீழே ஆள் இல்லை, வேறு எங்கேயும் இவர்களால் போய்ப் பார்க்கக்கூடிய இடத்திலும் இல்லை, அதனால்தான் பல தாய்மார்கள் அந்த மரத்தடிக்குப் பூ கொண்டுவந்தார்கள்.

நட்ட கதைக்கு வருகிறேன். போர் நடந்துகொண்டிருந்தபோதே நட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கோலாக் பக்கம் யூராக் என்று ஒரு சின்ன விவசாய ஊர், அங்கே 1916-லேயே வைத்துவிட்டார்கள், விக்டோரியாவில் அதுதான் முதல் என்று சொல்வது வழக்கம். எது முதல் என்பதில் ஊர்களுக்குள் போட்டி உண்டு, சாலை மட்டுமா தோப்பும் கணக்கா என்பதைப் பொறுத்து விடை மாறும். தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரப் பூங்காவில் 1915 செப்டம்பரிலேயே கலிப்போலி நினைவாக வாட்டில் மரங்கள் வைத்தார்கள், அது வரிசையாக நட்ட சாலை இல்லை. இந்தச் சண்டைக்குள் நான் போவதில்லை. எல்லாவற்றிலும் பெரியது விக்டோரியாவின் பல்லாரட் ஊரில் இருப்பது. லூகாஸ் என்ற துணித் தொழிற்சாலையில் தைத்த பெண்கள் காசு சேர்த்து, தாங்களே மண்வெட்டி பிடித்து, 1917 ஜூனில் ஆரம்பித்து 1919 வரை 3,771 மரங்களை ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு நட்டு முடித்தார்கள். எந்த வரிசையில் தெரியுமா, பதவிப்படி இல்லை, குடும்பப் பெருமைப்படி இல்லை, படையில் பெயர் கொடுத்த தேதிப்படி. முதலில் போனவனுக்கு முதல் மரம். அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் அதே இடைவெளி, அதே உயரக் கன்று. நர்சுகளுக்கும் மரம் உண்டு. அடுத்தமுறை அடிலெய்டு பக்கம் போனால் பல்லாரட்டைத் தாண்டியதும் பழைய சாலைக்கு இறங்கிப் பாருங்கள், ஓட்ட ஓட்ட முடியாது.

நீங்கள் பார்த்த பாக்கஸ் மார்ஷ் சாலை 1918 ஆகஸ்ட் 10 அன்று நட்டது. 281 மரங்கள், ஒரே நாளில். ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் அந்தப் பையனின் அம்மாவோ அக்காவோ கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஊதுகொம்பு ஊதியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கன்றைக் குழியில் இறக்கினார்களாம். ஆகஸ்ட் என்றால் இங்கே குளிர்காலத்தின் கடைசி, இலை உதிர்ந்து குச்சியாக இருக்கும் மரத்தை மண்ணில்லாமல் வேரோடு பிடுங்கி நட அதுதான் சரியான பருவம். போர் இன்னும் மூன்று மாதம் ஓடியது. கன்று பிடித்து நின்றவர்களில் எத்தனை பேருக்கு அதற்கப்புறம் தந்தி வந்ததோ.

சரி, ஏன் கல் இல்லாமல் மரம்? காரணம் ஒன்றே ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரம் மலிவு, அது உண்மை. நாற்பது ஐம்பது வீடுள்ள ஊருக்குச் சலவைக்கல் சிலை கட்டக் காசில்லை, குழி வெட்டக் கையிருந்தது. பள்ளிகளில் மரம் நடும் நாள் கொண்டாடும் பழக்கம் போருக்கு முன்பே இருந்தது, ஆகவே முறை புதிதில்லை. ஆள்சேர்ப்புக்கான தூண்டில் என்றும் சிலர் எழுதுகிறார்கள்: 'பெயர் கொடு, உனக்கொரு மரம்' என்று. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஏனென்றால் நட்டது போரின் நடுவில். ஆனால் போர் முடிந்தபின் 1919, 1920-களில் நட்ட ஊர்களும் நிறைய, அவர்களுக்கு யாரைச் சேர்க்க வேண்டியிருந்தது? மரம் உயிரோடு வளரும், மகன் இல்லாவிட்டாலும் அது வளர்வதைப் பார்க்கலாம் என்ற எண்ணமும் இருந்திருக்கும். என் அனுபவத்தில் ஊர்க்காரர்களிடம் கேட்டால் இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் சொல்வார்கள், ஆனால் அது நூறு வருடத்துக்கு அப்புறம் பேரப்பிள்ளைகள் சொல்வது.

எல்ம், ஓக், பிளேன், பாப்ளர் என்று ஏன் எல்லாம் ஐரோப்பிய மரம், யூகலிப்டஸ் கண்ணில் படவில்லையே என்றும் உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் காலத்து விவசாயிக்கு யூகலிப்டஸ் என்பது வெட்டி எரித்து நிலமாக்க வேண்டிய காடு. மரியாதைக்குரிய மரம் என்றால் தாத்தாவின் இங்கிலாந்தில் நின்ற மரம். மழை குறைந்த பக்கங்களில் இந்த ஆசை பலிக்கவில்லை, அங்கே இந்த நாட்டு மரங்களான குர்ராஜோங்கும், யூகலிப்டஸ் வகையான சுகர் கம்மும் நிற்பதைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் இருந்த எல்ம்கள் பெரும்பாலும் செத்துவிட்டன, 'டச்சு எல்ம் நோய்' என்ற பூஞ்சாணம் 1970-களில் பிரிட்டனில் மட்டும் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. பக்கத்து நியூசிலாந்துக்கே 1989-ல் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. இங்கிலாந்தை நினைத்து நட்ட மரம் இங்கிலாந்தில் பெரும்பாலும் இல்லை, இங்கே இருக்கிறது. அதனால் நீங்கள் ஸ்ட்ராபெர்ரி வாளியோடு கடந்துபோன அந்தப் பந்தலைப் பார்க்க வெளிநாட்டு மர ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். நிம்மதியாக இருக்கவும் முடியாது, எல்ம் இலை வண்டு 1989-ல் இங்கே வந்துவிட்டது, கோடையில் இலை முழுவதும் சல்லடையாகிவிடும். கொல்லாது, ஆனால் வருடா வருடம் இளைக்க வைக்கும்.

பெயர்ப் பலகை பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், என் கையால் தொட்ட விஷயம். ஆரம்பத்தில் பல ஊர்களில் உலோகத் தகட்டை நேராக மரத்திலேயே ஆணியடித்து மாட்டினார்கள். மரம் உயரமாகப் போகும்போது ஆணி மேலே போகாது, அடித்த உயரத்திலேயே நிற்கும், ஆனால் மரம் வருடா வருடம் பருக்கும். தகட்டின் ஓரத்தில் பட்டை உதடு மாதிரிப் பிதுங்கி வந்து மேலே ஏறும், கடைசியில் தகட்டை விழுங்கிவிடும். ஒரு சின்ன ஊரில் ஒரு கிழட்டு ஓக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல், உள்ளே டார்ச் அடித்தால் 'ஸன்' என்று முடியும் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. ஆண்டர்ஸனா, தாம்ஸனா, ராபர்ட்ஸனா? கூட வந்த ஊர்க்காரர் பழைய பட்டியலை எடுத்து மரங்களை மேற்கிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார், நடுவில் எப்போதோ மூன்று மரம் போய்விட்டதால் கணக்கு இடித்தது. ஒரு மணி நேரம் எண்ணினோம். பட்டையை வெட்டித் திறந்து பார்த்துவிடலாமா என்று அவர் என் முகத்தைப் பார்த்தார், வேண்டாம் என்றேன், அந்த வயதில் அத்தனை பெரிய காயம் ஆறாது, பூஞ்சாணம் உள்ளே போகும். இப்போதெல்லாம் தகட்டை மரத்தில் அடிக்க விடுவதில்லை, முன்னால் தனியாகக் கல்லிலோ தூணிலோ வைக்கச் சொல்கிறோம்.

இனி மரம் பட்டுப்போனால் என்ன என்ற கேள்வி. ஒரே நாளில் நட்ட மரங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் கிழமாகும். இதுதான் எல்லா ஊருக்கும் இப்போது வந்திருக்கும் தலைவலி. காட்டில் தாத்தா, அப்பா, பேரன் எல்லா வயதிலும் மரம் இருக்கும், இங்கே எல்லாரும் தாத்தா. அதற்கு மேல் 1997-லிருந்து 2009 வரை நீடித்த நெடும் வறட்சி நிறைய மரங்களை ஒரேயடியாகத் தள்ளாட வைத்துவிட்டது. மான்டெரி சைப்ரஸ் வைத்த ஊர்கள் பாவம், அந்த மரத்துக்குப் பட்டையைத் தின்னும் ஒரு நோய் உண்டு, கிளை கிளையாகச் சிவந்து காயும், மருந்து கிடையாது. எல்ம், ஓக் வைத்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் நான் பார்த்தவரை வயதோ நோயோ கொல்லும் மரங்களைவிட, சாலையை அகலப்படுத்தும்போது வேரை வெட்டியும், மின்கம்பிக்காக நடு உச்சியைக் குடைந்தும், மழைநீர்க் குழாய்க்கு ஓரமாகப் பள்ளம் தோண்டியும் மனிதன் கொல்லும் மரங்களே அதிகம். வேரை வெட்டிய வருடம் மரம் ஒன்றும் சொல்லாது. பத்து வருடம் கழித்து உச்சியில் குச்சி குச்சியாகக் காயத் தொடங்கும், அப்போது பள்ளம் தோண்டியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

ஒரு மரத்தை வெட்டவேண்டும் என்று நான் எழுதுவதற்கு முன் என்ன செய்கிறேன் என்று சொன்னால் பேச்சு கொஞ்சம் தெளிவாகும். முதலில் அடிமரத்தைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவேன், வைரம் பாய்ந்த இடத்தில் 'டக்' என்று கேட்கும், பொந்து இருந்தால் 'தொம்' என்று கேட்கும். சந்தேகமான உயரத்தில் மெல்லிய ஊசி துளைக்கும் கருவியைப் பிடித்தால் உள்ளே எவ்வளவு கனத்துக்கு நல்ல மரம் இருக்கிறது என்று கோடு வரைந்து காட்டும். பொந்து இருப்பதால் மட்டும் மரம் விழாது, மூங்கிலும் பொந்துதான். சுவர் எத்தனை கனம், கவட்டை பிளந்திருக்கிறதா, விழுந்தால் எதன்மேல் விழும் என்பதே கணக்கு. கிளையை அடக்கியும், அடியில் யாரும் நிற்காதபடி வேலி போட்டும் இன்னொரு இருபது வருடம் ஓட்டலாம் என்று பல தடவை எழுதியிருக்கிறேன். புகைப்படத்தை அனுப்பி 'இது விழுமா' என்று கேட்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்லமாட்டேன், படத்தைத் தட்டிப் பார்க்க முடியாது.

வெட்டியே ஆகவேண்டும் என்றால் அடுத்த சண்டை, போனதை மட்டும் மாற்றுவதா, மொத்த வரிசையையும் எடுத்துப் புதிதாக நடுவதா. இரண்டுக்கும் ஆள் உண்டு. ஒவ்வொன்றாக மாற்றினால் ஊர் அழாது, ஆனால் இரண்டு கிழட்டு எல்முக்கு நடுவில் வைத்த கன்றுக்கு வெயில் கிடைக்காது, வேருக்குத் தண்ணீர் கிடைக்காது, வெளிச்சத்தைத் தேடி சாலைப் பக்கமாகச் சாய்ந்து வளரும், இருபது வருடத்தில் அதையும் வெட்டவேண்டி வரும். மொத்தமாக எடுத்தால் மரத்துக்கு நல்லது, ஊருக்கு ஒரு தலைமுறை நிழல் இல்லை. மரக்காரனாக என் மனம் பகுதி பகுதியாக, ஒரு இருபது முப்பது மரமாக எடுத்து நடுவதில்தான். எல்மில் ஒரு வசதி, வேரிலிருந்தே பக்கக்கன்று விடும், அதை எடுத்து நட்டால் அதே மரம்தான், புதிய மரம் இல்லை. ஓக்கில் விதைதான் போடவேண்டும், அது பிள்ளை. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமா என்றால் இல்லை, ஆனால் ஒரு பாட்டியிடம் "இது உங்க மாமா மரத்தோட வேர்க்கன்று" என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்தபின் நான் இதை அலட்சியமாகச் சொல்வதை விட்டுவிட்டேன்.

டாஸ்மேனியாவில் லெஜர்வுட் என்ற மிகச் சின்ன ஊர் வேறு வழி கண்டுபிடித்தது. 1918 அக்டோபரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஊரின் செத்த ஏழு பேருக்காக நட்ட மரங்கள் ஆபத்து என்று 2001-ல் தீர்ப்பு வந்தது. வெட்டினார்கள், ஆனால் வேரோடு எடுக்கவில்லை, அடிமரத்தை விட்டுவிட்டு எடி ஃப்ரீமன் என்ற செதுக்குக் கலைஞரைக் கூப்பிட்டுச் செயின்சாவால் அந்தந்த மரத்திலேயே அந்தந்த ஆளைச் செதுக்க வைத்தார்கள். இப்போது பஸ்ஸில் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிரில்லாத மரம் மழையிலும் வெயிலிலும் உளுக்கும், எண்ணெய் பூசிப் பூசிக் காப்பாற்ற வேண்டும், கன்று வைத்தால் தானாக வளரும். எனக்குக் கன்றுதான். இது ஆளுக்கு ஆள் வேறுபடும் விஷயம், நான் சொல்வதே சரி என்று இல்லை.

இது ஆஸ்திரேலியாவோடு முடிவதில்லை. நியூசிலாந்தில் ஓமரு பக்கம் சாலைகளிலும் சந்திகளிலும் ஓக் மரங்கள் நிற்கின்றன, இத்தாலியில் 1922-க்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊர் ஊராக நினைவுப் பூங்காக்கள் நட்டார்கள், செத்த ஒவ்வொருவனுக்கும் ஒரு மரம். நீங்கள் கல் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது, அதே போருக்கு நம் கிராமங்களிலும் பிரிட்டிஷ் அரசு சலவைக்கல் பதித்தது. 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று ஆங்கிலத்தில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், ஒரு பெயர் இருக்காது. அதைப் படித்த அன்று இந்த ஊர் மரப் பலகைகள் என் கண்ணுக்கு வேறுமாதிரித் தெரிந்தன. இந்தப் பழக்கம் பழசாகிவிடவும் இல்லை: குயின்ஸ்லாந்தில் யுங்கபர்ரா என்ற சின்ன ஊரில் ஏரிக்கரையோரம் ஆப்கானிஸ்தானில் இறந்தவர்களுக்காக 2013-ல் ஒரு மரச்சாலை திறந்தார்கள், மகனை அங்கே பறிகொடுத்த ஒரு தகப்பன் ஆரம்பித்துவைத்தது. இந்தத் தடவை ஐரோப்பிய மரம் இல்லை, ஆஸ்திரேலியாவின் சொந்த மரமான சிவப்புப் பூ பூக்கும் ஃபிளேம் ட்ரீ.

மகளை மறுபடி கூட்டிப்போவதாக இருந்தால் ஏப்ரல் கடைசியில் போங்கள், ஸ்ட்ராபெர்ரி அநேகமாக முடிந்திருக்கும், ஆனால் எல்ம் இலை மஞ்சளாகித் தரை முழுக்கக் கொட்டத் தொடங்கியிருக்கும், 25-ஆம் தேதி, போருக்குப் போனவர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளும் வரும். பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருவதை அவளே கண்டுபிடிப்பாள். நடுவில் இடுப்பளவு எல்ம் ஒன்று பெரிய மரங்களுக்கிடையில் திணறிக்கொண்டு நின்றால், நான் மேலே சொன்னது அதுதான். அப்புறம் ஒன்று, காரை மரத்தடிப் புல்லில் ஏற்றி நிறுத்தாதீர்கள். நிழலாகத்தான் இருக்கும், எல்லாரும் அதனால்தான் நிறுத்துகிறார்கள். சக்கரம் அழுத்தி அழுத்தி மண் செங்கல் மாதிரி இறுகிவிடுகிறது, கீழே ஒரு சாண் ஆழத்தில் இருக்கிற சல்லிவேருக்கு மூச்சுவிட வழியில்லை. கொஞ்சம் தள்ளித் தார்ச்சாலை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.